எத்தியோப்பியப் பாடல்களைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: படிப்படியான முழு வழிகாட்டி

எத்தியோப்பியாவின் வெகுஜனப் பாடல்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரு நீளமான பிளேலிஸ்ட்டை ஓடவிட்டு, பாதி தூரம் போனதும் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று மூடிவிடுகிறார்கள். அந்தப் பாடல்களில் பெரும்பகுதி ஐந்தே சுரங்களுக்குள் அமைந்தவை. காது பழகாமல் ஐம்பது பாட்டைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அதே ஐம்பதையும் சரியான வரிசையில் கேட்டால், எது எந்த ஊர், எந்தக் காலம், யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியும். நண்பர்கள் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் எங்கெங்கே தடுக்கினார்களோ, அந்த இடங்களை வைத்தே இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

தயவுசெய்து படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான காதைத் தயார்செய்கிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நல்ல ஹெட்போன். 1970களின் பதிவுகளில் பாஸ் கிட்டார்தான் பாட்டை நடத்திச் செல்கிறது. கைப்பேசியின் ஸ்பீக்கரில் அது கேட்காது. கேட்காவிட்டால் தாளமும் பிடிபடாது.

ஒரு சுருதிப்பெட்டிச் செயலி. சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது வேகம் சற்றே கூடிக் குறைந்திருக்கும். பாட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். வெறும் கீபோர்டை வைத்துத் தேடினால் எந்தச் சுரமும் சேராமல் குழம்பிப்போவீர்கள்.

ஒரு கீபோர்டு, அல்லது கைப்பேசியில் கீபோர்டுச் செயலி. சங்கீதம் தெரியாது என்றால் பரவாயில்லை, கறுப்புக் கட்டைகளை அடையாளம் தெரிந்தால் போதும்.

ஒரு குறிப்பேடு. பாடகர் பெயர், பாட்டின் பெயர், ஆண்டு, எந்தச் சுர வரிசை, எந்த நடை என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் ஆரம்பத்தில் காலியாகவே இருக்கும். அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

1. பாடும் குரலில் தொடங்குங்கள்

வெளிநாட்டுக்காரர்கள் பலர் முலத்து அஸ்தத்கேயின் வாத்திய இசையில் தொடங்குகிறார்கள். 2005இல் வந்த ஓர் அமெரிக்கப் படம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இணையத்தில் தேடினால் முதலில் வருவதும் அவர்தான். அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே தொடங்கினால் எத்தியோப்பிய இசை என்றாலே மங்கலான வெளிச்சத்தில் ஒலிக்கும் ஜாஸ் என்று மனம் முடிவுகட்டிவிடும். அந்த நாட்டில் மக்கள் கல்யாணத்திலும் பேருந்திலும் தேநீர்க்கடையிலும் கேட்பது பாட்டு, அதாவது சொல்லோடு கூடிய குரல்.

ஆகவே முதல் வாரம் மஹ்மூத் அகமதுவை மட்டும் கேளுங்கள். ஐபெக்ஸ் இசைக்குழுவோடு 1975 வாக்கில் அவர் பதிவுசெய்த 'எரே மெலா மெலா' நல்ல தொடக்கம். பாரிஸின் புடா மியூசிக் நிறுவனத்துக்காக ஃபிரான்சிஸ் ஃபால்செட்டோ தொகுத்த 'எத்தியோப்பிக்ஸ்' வரிசையின் 7ஆம் தொகுதியில் அது இருக்கிறது.

அந்த ஒரு பாட்டை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை குரலை மட்டும் பின்தொடருங்கள். வரி முடிகிற இடத்தில் குரல் நடுங்கி, வளைந்து இறங்குவதைக் கவனியுங்கள். இந்த நாட்டுப் பாடகர்களை அடையாளம் காண அந்த இறக்கம்தான் கைகொடுக்கும். இரண்டாம் முறை பாஸ் கிட்டாரோடு போங்கள். மூன்றாம் முறை, பாடகர் ஒரு வரியை விட்டதும் ஊதுவாத்தியங்கள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று பாருங்கள்.

அடுத்து திலாஹூன் கெஸ்ஸெஸ்ஸே. 2009இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள், அந்த அளவுக்கு அந்த நாட்டின் குரல் அவர். எத்தியோப்பிக்ஸ் 17ஆம் தொகுதி முழுக்க அவருடையது. மஹ்மூத்தின் குரல் வளைந்து போகும். திலாஹூனின் குரல் நேரே வந்து நெஞ்சில் நிற்கும். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிய ஆரம்பித்ததும் பிஸுனெஷ் பெக்கெலே, அலெமாயெஹு எஷெத்தே என்று நகருங்கள். எஷெத்தேயிடம் அமெரிக்க சோல், ராக் அண்ட் ரோல் பாதிப்பு வெளிப்படையாகவே தெரியும். அதனால்தான் அவரை முதலில் வைக்கவில்லை. அவரில் தொடங்கினால் பழகிய ஒலியைப் பிடித்துக்கொண்டு, பழகாததை விட்டுவிடுவீர்கள்.

2. நான்கு கிஞ்ஞித்தையும் காதில் ஏற்றுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். எத்தியோப்பியாவின் மேட்டுநிலப் பாடல்களுக்கு அடிப்படையாக இருக்கும், ஐந்து சுரங்கள் கொண்ட வரிசைகளுக்குக் கிஞ்ஞித் என்று பெயர். முக்கியமானவை நான்கு: திஸிதா, பாத்தி, அம்பஸெல், அன்ச்சி ஹோயே. பாத்தியும் அம்பஸெல்லும் வொல்லோ பகுதியில் உள்ள ஊர்ப் பெயர்கள். திஸிதாவுக்கும் பாத்திக்கும் மேஜர், மைனர் என்று இரண்டிரண்டு வடிவங்கள் உண்டு. அங்குள்ள இசைக்கலைஞர்களே அந்த ஆங்கிலச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம். கீபோர்டின் சுரங்களில் எழுதிப் பார்த்தால் மேஜர் திஸிதா ஸ ரி₂ க₃ ப த₂, அதாவது மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். மைனர் திஸிதா ஸ ரி₂ க₂ ப த₁. சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் கிடைப்பது. மேஜர் பாத்தி ஸ க₃ ம₁ ப நி₃, கம்பீரநாட்டையின் சுரங்கள். கோயில் மல்லாரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைச் சட்டெனப் பிடித்துவிடுகிறார்கள். மைனர் பாத்தி ஸ க₂ ம₁ ப நி₂, சுத்த தன்யாசி. அம்பஸெல் ஸ ரி₁ ம₁ ப த₁, கர்நாடக சுத்த சாவேரி. அன்ச்சி ஹோயேவுக்கு மட்டும் நம்மிடம் கைக்கெட்டும் துணை இல்லை: ஸ ரி₁ ம₁ ம₂ த₂. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் கிடையாது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கீதம் தெரியாதவர்களுக்கு ஒரு வழி. கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் மூன்று சேர்ந்த கூட்டமும் இரண்டு சேர்ந்த கூட்டமும் மாறி மாறி வரும். மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையில் தொடங்கி, கறுப்புக் கட்டைகளை மட்டும் மேலே வாசித்துக்கொண்டு போனால் மேஜர் திஸிதா. இரண்டு கட்டைக் கூட்டத்தின் இரண்டாவது கட்டையில் தொடங்கி அதேபோல் வாசித்தால் மைனர் பாத்தி.

இரண்டும் அதே ஐந்து கட்டைகள்தான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. சங்கீதம் தெரிந்தவர்களே தடுமாறும் இடம் இது. மோகனத்தின் தைவதத்தை ஸட்ஜமாக்கினால் சுத்த தன்யாசி வருவதுபோல, மேஜர் திஸிதாவின் ஐந்தாம் சுரத்தை ஆதாரமாக வைத்தால் மைனர் பாத்தி வந்துவிடும். மைனர் திஸிதாவின் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்தால் அம்பஸெல். கிரக பேதம், அதாவது ஆதார சுரத்தை மாற்றினால் வேறு ராகம் பிறப்பது, முழுவதும் இங்கே கண்முன் நடக்கிறது. ஆகவே சுரங்களைக் கண்டுபிடிக்கும் முன் ஸட்ஜத்தை, அதாவது பாட்டின் ஆதார சுரத்தைக் கண்டுபிடியுங்கள். பாடகர் வரியை முடித்து இளைப்பாறும் சுரம் எது, பாஸ் கிட்டார் ஒவ்வொரு சுற்றிலும் எங்கே வந்து இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே சுரத்தைக் காட்டினால் அதுதான் ஸட்ஜம். அதற்குச் சுருதிப்பெட்டியைச் சேர்த்துவிட்டுப் பிறகு மற்றச் சுரங்களைத் தேடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். நம் மோகனத்துக்கென்று உள்ள கமகமும் பிடிகளும் அங்கே கிடையாது. அவர்களுக்கென்று உள்ள வளைவுகள் வேறு. மசின்கோ, கிரார் போன்ற பழைய வாத்தியங்களில் சுரஸ்தானங்கள் கீபோர்டோடு முழுக்கப் பொருந்துவதும் இல்லை. மற்றது, ரசத்தைக் கையோடு கொண்டுபோகாதீர்கள். மோகனம் என்றால் நமக்கு மலர்ச்சி, மங்கலம். அதே சுரங்களில் திஸிதா பாடுகிறவர் பிரிந்தவரை நினைத்து உருகிக்கொண்டிருப்பார். நம் பழக்கத்தை ஒதுக்கிவைத்துக் கேட்டால்தான் அந்த ஏக்கம் காதில் விழும்.

3. ஒரே பாட்டைப் பல குரல்களில் கேளுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் படி வேறில்லை. திஸிதா என்பது சுர வரிசையின் பெயர் மட்டுமல்ல, அந்தப் பெயரில் ஒரு பாட்டும் உண்டு. மெட்டின் எலும்புக்கூடு பொதுவானது. சொற்களை ஒவ்வொரு பாடகரும் மாற்றிக்கொள்கிறார். தேடுபெட்டியில் திஸிதா என்று போட்டால் வெவ்வேறு பெயர்களில் குவிந்துகிடப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ஒரே பாட்டின் நகல்கள் என்று நினைத்து ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குவியல்தான் நமக்கு வேண்டிய பாடநூல்.

கேட்க வேண்டிய வரிசை இது. முதலில் அஸ்னகெச் வொர்க்கு, கிரார் என்ற யாழ் போன்ற நரம்புக்கருவியைத் தானே வாசித்துக்கொண்டு பாடுவது. 16ஆம் தொகுதி அவருடையது. குரலும் ஒரே ஒரு வாத்தியமும் என்பதால் மெட்டு நிர்வாணமாகத் தெரியும். பிறகு கெத்தாச்சு கஸ்ஸா. இசைக்குழுவோடு மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு விதமாகப் பாடியிருக்கிறார். காலப்பிரமாணம் மாறினாலும் மெட்டு எங்கே மாறாமல் நிற்கிறது என்று பார்க்கலாம். பிறகு மஹ்மூத், பிறகு பெஸாவொர்க் அஸ்ஃபாவ், பிறகு அஸ்தேர் அவெக்கே. கடைசியாக முலத்து அஸ்தத்கேயின் வாத்திய வடிவம். 4ஆம் தொகுதியில் இருக்கிறது. சொல் இல்லாமலே பாட்டு உங்களுக்குள் ஓடத் தொடங்கியிருக்கும். முலத்துவை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இதுதான்: அவர் எதை எடுத்து எப்படி விரிக்கிறார் என்பது மூலம் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

10ஆம் தொகுதி திஸிதா பாணிப் பாடல்களுக்கென்றே தொகுக்கப்பட்டது. வரிசையை முடித்த பிறகு அதை எடுங்கள்.

திஸிதா நன்றாகப் பிடிபடும் வரை பாத்திக்கோ அம்பஸெல்லுக்கோ போக வேண்டாம். பிடிபட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. புதிதாக ஒரு பாட்டைப் போட்டு, முதல் இரண்டு வரிக்குள் "இது திஸிதா" அல்லது "திஸிதா இல்லை" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

4. தாளத்தைக் கையால் தட்டிப் பாருங்கள்

மேட்டுநிலப் பாடல்களில் அதிகம் வருவது சிக்சிகா என்று அழைக்கப்படும் ஆறெண்ணிக்கை நடை. நம் கணக்கில் திஸ்ரம்: தகிட தகிட. பாட்டோடு தட்டிப் பார்த்தால் முதலில் சுலபமாக இருக்கும், சற்று நேரத்தில் கை வழுக்கும். அதே ஆறை மூன்றிரண்டாக, தக தக தக என்றும் பிரிக்கலாம். சில பாடல்களில் ஒரு வாத்தியம் ஒரு கணக்கிலும் இன்னொன்று மற்றக் கணக்கிலும் போகும். வழுக்கும்போது நிறுத்தி, பாஸ் கிட்டார் எந்தக் கணக்கில் போகிறது என்று பார்த்து அதோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

இதற்கு வீடியோ அவசியம். எஸ்கிஸ்தா என்ற தோளாட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால், காதால் பிடிக்க முடியாத கணக்கைத் தோள்கள் காட்டிக்கொடுக்கும். இந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி ஆடுவதற்காகவே உருவானவை. ஆட்டத்தைப் பார்க்காமல் தாளத்தை மட்டும் படிப்பது இரட்டிப்பு வேலை.

குராகே மக்களின் ஆட்டப்பாட்டு வேகமானது, காலுக்கு வேலை அதிகம். திக்ரிஞா மொழிப் பாட்டில் கெபெரோ முரசு ஓங்கி ஒலிக்கும். கூட்டம் வட்டமாக மெதுவாகச் சுற்றிவரும். ஒரு கட்டத்தில் தாளம் சட்டென வேகமெடுக்கும், எல்லோரும் எதிரெதிரே நின்று தோளைக் குலுக்குவார்கள். அந்த வேகமெடுக்கும் இடத்துக்காகக் காத்திருந்து கேளுங்கள்.

5. பெயரையும் ஆண்டையும் சரிபார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இனி நீங்களாகத் தேடப் போகிறீர்கள். அதற்கு முன் மூன்று விஷயங்கள்.

எத்தியோப்பியாவில் குடும்பப்பெயர் கிடையாது. மஹ்மூத் அகமது என்றால் அகமதுவின் மகன் மஹ்மூத். நாம் தகப்பன் பெயரை முதலெழுத்தாக முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப்பெயராகப் பின்னால் போடுகிறார்கள். ஆகவே கெத்தாச்சு மெக்கூரியாவும் கெத்தாச்சு கஸ்ஸாவும் வேறு வேறு ஆட்கள். முன்னவர் சாக்ஸபோன், பின்னவர் பாட்டு. அலெமாயெஹு எஷெத்தேயும், அவர் பாட்டுகளை வெளியிட்ட அம்ஹா ரெக்கார்ட்ஸின் அம்ஹா எஷெத்தேயும் அண்ணன் தம்பி என்று பெயரை வைத்து முடிவுகட்டக் கூடாது. மேற்கத்திய இணையக் கடைகள் இரண்டாம் பெயரை வைத்து அகரவரிசைப்படுத்துவதால் அங்கும் குழப்பம் உண்டு.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தொகுத்த ஆல்பத்தில் ஒரு மாதிரி, எத்தியோப்பியர்கள் ஏற்றிய வீடியோவில் வேறு மாதிரி. ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். விக்கிப்பீடியாவில் பாடகர் பக்கத்தின் தொடக்கத்தில், இவர்களில் பெரும்பாலோர் பாடும் அம்ஹாரிய மொழியின் எழுத்தில் பெயர் இருக்கும். அதை நகலெடுத்து யூடியூபில் ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலத்தில் கிடைக்காத பதிவுகள் அப்போதுதான் வெளிவரும். அந்த எழுத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு மெய்க்கு ஏழு உயிர்க்குறி வடிவங்கள் என்ற அமைப்பு, உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு வேறு யாரையும்விடச் சுலபமாகப் பிடிபடும். பாடகர்களின் பெயர்களை மட்டும் அடையாளம் காணும் அளவுக்குக் கற்றாலே பெரிய உதவி.

மூன்றாவது ஆண்டு. எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழு எட்டு ஆண்டுகள் பின்னால் இருக்கும். அவர்களுடைய புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று, சில ஆண்டுகளில் 12 அன்று பிறக்கிறது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வித்தியாசம் 7, ஜனவரியிலிருந்து 8. ஒரு கேசட் உறையில் 1977 என்று இருந்தால் அது 1984 செப்டம்பருக்கும் 1985 செப்டம்பருக்கும் இடைப்பட்டது. அதை அப்படியே 1977 என்று குறித்துக்கொண்டவர்கள், "அந்தக் காலத்திலேயே இவ்வளவு சிந்தசைசரா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குறிப்பேட்டில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள்.

6. ஒலியை வைத்துக் காலத்தைப் பிரியுங்கள்

எத்தியோப்பிக்ஸ் தொகுதிகள் அருமையானவை. ஆனால் அவற்றில் பெரும்பாலான பதிவுகள் 1969க்கும் 1970களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை. அதையே முழுவதுமாக நம்பியவர்கள் பாட்டு 1975இல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை, ஒலிதான் மாறியது.

ஊதுவாத்தியங்கள் கூட்டாக முழங்கினால், பின்னால் மின்சார கிட்டாரும் பாஸும் இருந்தால், பெரும்பாலும் இசைத்தட்டுக் காலம். 1974இல் பேரரசர் ஹைலே செலாஸி பதவியிறக்கப்பட்டு, தெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. இரவு ஊரடங்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது, இரவு விடுதிகளை நம்பியிருந்த இசைக்குழுக்கள் சுருங்கின. 1970களின் இறுதிக்குள் இசைத்தட்டு மறைந்து கேசட் வந்தது. ஊதுவாத்தியங்களின் இடத்தை மெல்ல மெல்லச் சிந்தசைசர் பிடித்தது.

1980களின் கேசட் பாடல்களைச் சிந்தசைசரின் மலிவான ஒலியைக் கேட்டதும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். எத்தியோப்பியாவில் இன்று நடுவயதில் இருப்பவர்களின் மனதுக்கு நெருக்கமான பாட்டு இதுதான். நெவாய் தெபெபே, எஃப்ரேம் தம்ரு, குக்கு செப்ஸெபே ஆகியோரைக் கேளுங்கள். பல கேசட்டுகளுக்குப் பின்னணி வாசித்தது ரோஹா இசைக்குழு. ஐபெக்ஸ் குழுவின் தொடர்ச்சி அது. கீபோர்டின் ஒலியைக் கடந்து குரலுக்குப் போங்கள், முதல் படியில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

அதே காலத்தில் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், நிறையப் பேர் வாஷிங்டனுக்கு. அஸ்தேர் அவெக்கே அங்கே உணவகங்களில் பாடி வளர்ந்து, 1989இல் 'அஸ்தேர்' ஆல்பத்தின் மூலம் வெளியுலகுக்குத் தெரிந்தார். வாலியாஸ் குழுவின் ஹைலு மெர்கியாவும் அங்கே தங்கிவிட்டார், பின்னாளில் டாக்ஸி ஓட்டினார். 1985இல் அக்கார்டியனையும் சிந்தசைசரையும் வைத்து அவர் தனியாகச் செய்த கேசட் 2013இல் மறுவெளியீடு கண்டது. அந்த ஒரு கேசட்டில் பழைய மெட்டும் புதிய கருவியும் எப்படிச் சேர்கின்றன என்பது துலக்கமாகத் தெரியும். காலப் பிரிவைக் கற்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

7. சொல்லுக்குள் நுழையுங்கள்

இதை முதலிலேயே செய்ய முயன்றவர்கள் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் பாட்டை மறந்தார்கள். ஆறு படி தாண்டிய பிறகு செய்தால் பலன் வேறு.

அம்ஹாரியப் பாட்டு பெரும்பாலும் இரண்டிரண்டு வரியாக, வரியின் இறுதியில் ஓசை ஒன்றுபட நடக்கும். நமக்கு எதுகை மோனை பழக்கம், காது வரியின் தொடக்கத்துக்கே ஓடும். இங்கே இயைபு, கடைசி அசையைக் கவனியுங்கள். இரண்டு வரிகள் சேரும் இடம் தெரிந்ததும் பாட்டின் கட்டமைப்பு திறந்துகொள்ளும்.

பிறகு அடிக்கடி வரும் சொற்கள் சில: ஃபிக்ர் என்றால் காதல், லிப்பே என் இதயம், நஃப்கோத் ஏக்கம், ஹகெர் நாடு, எனாத் தாய். பெண்ணை விளித்தால் அன்ச்சி, ஆணை விளித்தால் அந்தெ. இவ்வளவு தெரிந்தாலே யார் யாரிடம் எதைப் பற்றிப் பாடுகிறார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். மெழுகும் பொன்னும் என்று அவர்கள் சொல்லும் சிலேடை மரபு பாட்டில் ஆழமாக ஊறியிருக்கிறது. மேலே தெரிவது மெழுகு, உள்ளே இருப்பது பொன். காதலியிடம் "இனித் தாங்க முடியாது" என்று சொல்லும் திலாஹூனின் 'அல்ச்சால்கும்' பாட்டை மக்கள் ஆட்சிக்கு எதிரான குரலாகக் கேட்டார்கள். கணினி மொழிபெயர்ப்பு உங்களுக்கு மெழுகை மட்டும்தான் தரும். வாய்ப்பிருந்தால் அம்ஹாரிய மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு பாட்டைக் கொடுத்து "இதில் வேறு என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பத்துப் பாட்டைக் கொடுத்தால் மேலோட்டமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அஸ்மாரி என்ற மரபுப் பாடகர்களையும் இந்தக் கட்டத்தில் கேட்கலாம். ஒற்றை நரம்பு மசின்கோவை இழைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அங்கேயே பாட்டுக்கட்டுவார்கள். கேட்பவர் எடுத்துக்கொடுக்கும் அடியையும் வாங்கிப் பாடுவார்கள். கூட்டம் சிரிப்பதும் கூவுவதும் பாட்டின் பகுதி. 2ஆம் தொகுதி நகரத்து அஸ்மாரிகளுக்கானது.

8. அம்ஹாரியத்தைத் தாண்டுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் அம்ஹாரியப் பாட்டு. அதோடு நின்றால் நாட்டின் பெரும்பகுதியைக் கேட்காமல் விட்டதாகும். ஒரோமோக்கள் அந்நாட்டின் மிகப்பெரிய இனம். அலி பிர்ராவில் தொடங்குங்கள். திரெ தாவாவைச் சேர்ந்தவர், 2022இல் காலமானார், 28ஆம் தொகுதி அவருடையது. செங்கடல் தாண்டிய அரபு நாடுகளின் ஊத் என்ற நரம்புக்கருவி இசையின் சாயல் அவரிடம் கேட்கும். அடுத்து ஹசாலு ஹுந்தெஸ்ஸா. நிலம் இழந்தவர்களின் குரலாக இருந்த அவரது 'மாலன் ஜிரா' 2015இல் வெளிவந்து ஒரோமோ இளைஞர்களின் போராட்டங்களில் ஒலித்தது. 2020 ஜூனில் அடிஸ் அபாபாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் பாட்டைக் கேட்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

திக்ரிஞா பாட்டுக்கு 5ஆம் தொகுதி. எரித்ரியாவிலும் அதே மொழி பேசப்படுவதால் பாடகர் எந்த நாட்டவர் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால் அங்குள்ளவர்கள் மனம் புண்படும்.

9. இன்றைய பாட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள்

டெடி ஆஃப்ரோ என்ற தெவோத்ரோஸ் கஸ்ஸாஹூனைத் தவிர்த்து இன்றைய பாட்டைப் பேச முடியாது. 1896இல் இத்தாலியப் படையைத் தோற்கடித்த அத்வா போரைப் பாடும் ஆல்பத்தை 2012இல் வெளியிட்டார். 'எத்தியோப்பியா' 2017இல் வந்தது. அவரைக் கொண்டாடுகிறவர்களும் எதிர்க்கிறவர்களும் அரசியல் காரணங்களுக்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே கருத்துகளைப் படிக்கும் முன் பாட்டைக் கேட்டுவிடுங்கள். மின்னணு இசையோடு மரபுத் தாளங்களைச் சேர்க்கும் ரோஃப்னானை அடுத்து எடுக்கலாம். அவருடைய 2018 ஆல்பத்தில் நான்காம் படியில் தட்டிப் பழகிய நடைகள் திரும்பக் கேட்கும். நஹோம் ரெக்கார்ட்ஸ், ஹோப் ஆகியவற்றின் யூடியூப் பக்கங்களில் புதிய பாடல்கள் வருகின்றன.

பருவம் பார்த்துத் தேடுவது நல்லது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் 55 நாள் நோன்பு இருக்கிறார்கள். அப்போது கல்யாணம் கிடையாது, ஆட்டப்பாட்டு அடங்கியிருக்கும். நோன்பு முடியும் ஃபாஸிகா என்ற ஈஸ்டரையும் செப்டம்பர் புத்தாண்டையும் ஒட்டிப் புதுப் பாடல்கள் வரத்தொடங்கும். நோன்பு மாதங்களில் பெகெனா கேளுங்கள், 11ஆம் தொகுதியில் அலெமு ஆகா வாசிப்பது. பத்து நரம்புள்ள பெரிய யாழ் போன்ற கருவி, பக்திப் பாடலுக்கு மட்டும் உரியது. நரம்புக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் தோல் துண்டுகள், தம்புராவில் ஜீவா நூல் செய்யும் அதே வேலையைச் செய்து கனத்த ரீங்காரத்தை எழுப்புகின்றன. அதை வேலைசெய்துகொண்டே பின்னணியில் ஓடவிடாதீர்கள். நோன்பு இரவுகளில் தனியாக அமர்ந்து கேட்பதற்கென்று உள்ள இசை அது, அப்படியே கேளுங்கள்.